இராணுவத்திலிருந்து வந்த லேண்ட் ரோவருக்கு நெம்பர் எடுப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜொகூரில், ரெங்கம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பழைய ஸ்டோருக்குப் பின்னால் 109 (109 அங்குல வீல்பேஸ்) லேண்ட் ரோவர் ஒன்று கிடக்கிறது. பச்சைச் சாயம், கதவில் பாதி அழிந்த இராணுவ இசட் நெம்பர், பின்னால் ரேடியோ வைக்கும் தாங்கி. தோட்டத்தில் லாரி காண்ட்ராக்ட் எடுத்திருந்தவர் ஒரு இரும்புக்கடை தவுக்கேயிடம் வாங்கிப் போட்டதாம். இப்போது அவருடைய மகன் விற்கிறார். கேட்பவர் ஒரு தம்பி. "வாங்கிச் செய்து குளுவாங் டவுனுக்கு ஓட்டிப்போக முடியுமா? எங்கே தொடங்குவது?" என்கிறார்.

முடியும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்த சேசிஸ் எண் தற்காப்பு அமைச்சின் கையை விட்டு முறையாக வெளியே வந்ததா? அங்கிருந்து உங்கள் கைக்கு வந்த வழி முழுவதும் தாளில் இருக்கிறதா? இது தெரியாமல் வண்டிக்கு ஒரு வெள்ளிகூடச் செலவு செய்யாதீர்கள். எஞ்சினைப் பிரித்து, பிரேக் மாற்றி, சாயம் அடித்து, கடைசியில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டரில் "சூராட் ஜுவாலான் (விற்பனைக் கடிதம்) இருக்கா?" என்ற ஒரே கேள்வியில் எல்லாம் நின்றுபோகும். இரும்பை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். தாள் இல்லாவிட்டால் அதைச் செய்ய எந்தப் பட்டறையும் இல்லை.

காரணம் இதுதான். இராணுவ வண்டிகள் ஜேபிஜே பதிவேட்டில் இருப்பதில்லை. அவற்றின் கணக்கு இராணுவத்தின் சொந்தப் புத்தகத்தில் இருக்கும். இசட் ஏ முதல் இசட் டி வரை தரைப்படை, இசட் எல் கடற்படை, இசட் யூ ஆகாயப்படை, இசட் இசட் தற்காப்பு அமைச்சு. விற்கும்போது அந்த நெம்பர் வண்டியோடு வராது. ஆகவே இது சாதாரண ரோட் டேக்ஸ் செத்த காடி மாதிரியான விஷயம் இல்லை. அந்தக் காடிக்குப் பழைய பதிவு ஒன்று இருக்கும், அதை உயிர்ப்பித்தால் போதும். இதற்குப் பதிவே கிடையாது. பெயர் மாற்றமாக இது நடக்காது, முதல் பதிவாகத்தான் நடக்கும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பச்சைச் சாயம் அடித்த லேண்ட் ரோவர் எல்லாம் இராணுவ வண்டி ஆகிவிடாது. தோட்டக் கம்பெனிகள், பொதுப்பணி இலாகா, வன இலாகா எல்லாம் இதே வண்டியைத்தான் ஓட்டின. இராணுவத்திலிருந்து வந்தவற்றிலும் பலவற்றுக்கு முதலில் வாங்கியவரே அந்தக் காலத்திலேயே நெம்பர் எடுத்திருக்கலாம். சேசிஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஜேபிஜே கவுண்டரில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஜொகூரின் ஜே நெம்பரோ வேறு மாநில நெம்பரோ இருந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனை, விற்பவர் வாங்குபவர் இருவரின் கைரேகை, பாக்கி இருந்தால் அதைத் தீர்ப்பது என்று போய்விடும். பதிவுக்காரர் இறந்துவிட்டிருந்தால் மகன் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. சொத்து நிர்வாக உத்தரவு வேண்டும். அசையும் சொத்து மட்டும், மொத்தம் 600,000 வெள்ளிக்கு மேற்படாதது என்றால் அரசாங்க அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவிலேயே அதை முடிக்கலாம்.

பதிவு இல்லை என்று வந்தால் தாள்களைத் தேட வேண்டும்.

அரசாங்கச் சொத்தை யாரும் சும்மா விற்றுவிட முடியாது. பரிசோதனைக் குழு பார்த்து, கழித்துவிடலாம் என்று எழுதி, அதிகாரம் உள்ளவர் அங்கீகரித்து, பிறகு டெண்டர், செபுட் ஹார்கா (விலைப்புள்ளி), லெலோங் (ஏலம்) என்ற மூன்றில் ஒன்றின் வழியாக விற்பனை நடக்கும். வாங்கியவருக்கு டெண்டர் ஏற்புக் கடிதம், பணம் கட்டிய ரசீது, வண்டியை வெளியே எடுத்த கடிதம் என்று தாள்கள் கிடைத்திருக்கும். இவற்றில் எதிலாவது சேசிஸ் எண்ணோ இசட் நெம்பரோ எழுதியிருக்க வேண்டும். "லேண்ட் ரோவர் 12 வண்டி, ஒரு லாட்" என்று மட்டும் எழுதிய ரசீது உங்களுக்குப் பாதி உதவிதான். அந்த லாட்டின் இணைப்புப் பட்டியலையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கழித்துவிடப்பட்ட வண்டி எந்த வகையில் விற்கப்பட்டது என்று பாருங்கள். ஓடக்கூடிய வண்டியாக விற்றிருந்தால் பதிவு கேட்கலாம். பெசி புரோக் என்று, அதாவது கழிவு இரும்பாக விற்றிருந்தால் கதை வேறு. கழிவாக விற்றது சாலைக்குத் திரும்பி வரக்கூடாது என்பதுதான் அந்த விற்பனையின் நோக்கமே. அப்படிப்பட்ட லாட்டில் வந்த சேசிஸை வெட்டாமல் யாரோ ஒதுக்கி வைத்திருந்தால், அதற்கு நெம்பர் கேட்டு நடையாய் நடப்பதில் பயனில்லை. உதிரிப்பாக விலைக்குக் கிடைத்தால் உதிரிப்பாகமாக வாங்குங்கள். இரும்புக்கடை தவுக்கே வழியாக வந்தது என்று உங்கள் கேள்வியிலேயே இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எனக்குச் சந்தேகம் வரும் இடம் இதுதான்.

தாள் சங்கிலியின் அடுத்த கண்ணிகள் சின்னவை, ஆனால் அறுந்துபோவது அங்கேதான். அமைச்சு ஒரு கம்பெனிக்கு விற்றது, கம்பெனி தவுக்கேக்கு, தவுக்கே காண்ட்ராக்டருக்கு, இப்போது அவர் குடும்பம் உங்களுக்கு. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தேதி, சேசிஸ் எண், விலை, இருவரின் ஐசி அல்லது கம்பெனி எண், கையெழுத்து உள்ள ஒரு தாள் வேண்டும். பழைய ரசீது தொலைந்திருந்தால் போலீஸ் ரிப்போர்ட்டும் பெசுருஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன்னால் செய்த சத்தியப் பிரமாணமும் கொடுக்கலாம். அவை நடுவில் உள்ள ஒரு கண்ணிக்கு உதவும். அமைச்சின் விற்பனையையே சத்தியப் பிரமாணத்தால் நிரூபிக்கப் பார்க்காதீர்கள், அது எடுபடாது. அந்தத் தாள் இல்லையென்றால் தற்காப்பு அமைச்சுக்கு எழுதி, இசட் நெம்பர், சேசிஸ் எண், எஞ்சின் எண், தெரிந்தால் டெண்டர் நடந்த ஆண்டு, வாங்கிய கம்பெனியின் பெயர் எல்லாம் கொடுத்து, வண்டி முறையாகக் கழிக்கப்பட்டு விற்கப்பட்டது என்று உறுதிக் கடிதம் கேளுங்கள். கதவில் அழிந்த இசட் நெம்பர் இருக்கிறது என்றீர்களே, அதைச் சுரண்டிவிடாதீர்கள். பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சம் அடித்துப் படம் எடுங்கள். சாயத்துக்கு அடியில் உள்ள எழுத்தின் விளிம்பு தெரியும். பதில் வர மாதக்கணக்கு ஆகலாம். அதுவரை விற்பவருக்கு முன்பணம் மட்டும் கொடுங்கள், "பதிவு கிடைக்காவிட்டால் பணம் திரும்ப" என்று எழுதி வாங்கிக்கொண்டு.

சுங்க வரி இன்னொரு முள். அரசாங்கத்துக்காக வந்த வண்டி வரிவிலக்கோடு வந்திருக்கலாம். தனியார் கைக்கு வரும்போது வரி கட்டப்பட்டதா, கட்டத் தேவையில்லையா என்று ஜேபிஜே கேட்கும். டெண்டர் தாள்களில் வரியைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும், அதைத் தேடுங்கள். இல்லாவிட்டால் சுங்க இலாகாவிடம் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் இராணுவம் கழித்த வண்டியை அங்கிருந்தே இறக்குமதி செய்யலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அது முற்றிலும் வேறு பாதை. அனைத்துலக வாணிப அமைச்சின் ஏபி (இறக்குமதி அனுமதி), சுங்கத்தின் கே1 இறக்குமதிப் பாரம், ஜேபிஜேயின் வகை அங்கீகாரம் என்று போகும். உள்ளூரில் கிடக்கும் வண்டிக்கு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். தாள் கிடைக்காது என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் வந்து, "கெரான் (பதிவுச் சான்று) தனியாகக் கிடைக்கும், அந்த எண்ணை இதில் வெட்டி ஒட்டிவிடலாம்" என்பார். செத்துப்போன தோட்டத்து லேண்ட் ரோவரின் கெரான் ஜொகூர், பகாங் முழுக்க விலைக்குக் கிடக்கிறது என்பது உண்மைதான். அந்த வேலைக்குப் போகாதீர்கள். வண்டி அடையாளத்தையும் ஆவணத்தையும் மோசடியாக மாற்றுவது சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987இன் 108ஆம் பிரிவில் வரும் குற்றம். எண் திருத்தப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் வண்டி இரசாயன இலாகாவின் சோதனைக்குப் போகும். எண்ணை அடிக்கும்போது உலோகம் ஆழத்திலும் அழுத்தப்படுகிறது. மேலே அரைத்து எடுத்தாலும் அமிலம் தடவினால் பழைய எண் மேலெழும்பும். வெல்டிங் கோடும் தெரியும். அதைவிட முக்கியம், மோதல் நடந்து யாராவது அடிபட்டால் இன்சூரன்ஸ் இதைத் தான் காப்பீடு செய்த வண்டி என்று ஏற்காது. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு அதிலேயே போய்விடும். நல்ல தாள் இல்லாத நல்ல வண்டியை விட்டுவிட்டு, கெரான் உள்ள மோசமான வண்டியை வாங்குவது எவ்வளவோ மேல்.

எண்ணைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. பழைய மாடலான சீரிஸ் 3இல் சேசிஸ் எண், வலதுபக்க முன் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் கொம்பில் அடிக்கப்பட்டிருக்கும். சேறு, கிரீஸ், பல அடுக்குச் சாயம் எல்லாம் சேர்ந்து அதை மூடியிருக்கும். பின்னால் வந்த டிஃபெண்டர் என்றால் வலதுபக்க சேசிஸ் சட்டத்தின் முன்பகுதியில் பாருங்கள். டேஷ்போர்டு பக்கம் உள்ள தகட்டிலும் எண் இருக்கும், ஆனால் தகடு கழற்றி மாட்டக்கூடியது. சேசிஸில் அடித்த எண்தான் செல்லும். அதைச் சுத்தம் செய்ய கிரைண்டரைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. ஒரு நொடி போதும், இரண்டு இலக்கம் காணாமல் போய்விடும், பிறகு நீங்களே திருத்தியதாக ஆகிவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பெயிண்ட் ரிமூவர் தடவி, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மட்டும் தேயுங்கள். எண் தெரிந்ததும் சாக்கட்டியைத் தேய்த்துப் படம் எடுத்து, தாளை வைத்து பென்சிலால் உரசிப் பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு லேசாக கிரீஸ் பூசி விடுங்கள், துரு பிடிக்காது. அந்தக் கொம்பு துருவால் ஓட்டையாகியிருந்தால் பழுது பார்க்கும் முன்னரே ஜேபிஜேயிடம் காட்டுங்கள். வெல்டிங் செய்துவிட்டுக் காட்டினால் விளக்கம் சொல்வது உங்கள் பாடு.

சீரிஸ் 3இன் 2,286 சிசி பெட்ரோல் எஞ்சினில் எண், பிளாக்கின் முன்பக்க இடது மேல்பகுதியில் இருக்கும். இராணுவ வண்டியில் இது தாளோடு ஒத்துப்போகாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். இராணுவப் பட்டறைகள் எஞ்சினைப் பழுது பார்த்து அதே வண்டியில் திருப்பி மாட்டுவதில்லை. பழுது பார்த்து அடுக்கி வைத்த எஞ்சின்களில் ஒன்றை எடுத்து மாட்டி அனுப்பிவிடுவார்கள். பிளாக்கில் பழுது பார்த்த பட்டறையின் சின்னத் தகடு ஒன்று ஆணியடித்திருக்கும், அதையும் படம் எடுங்கள். அமைச்சுக்கு எழுதும் கடிதத்தில் இப்போதைய எஞ்சின் எண்ணையும் குறிப்பிட்டால், பதில் கடிதத்தில் இரண்டும் வர வாய்ப்பு உண்டு. பின்னால் யாராவது இசுசூ, நிசான் டீசல் எஞ்சின் ஏற்றியிருந்தால் அந்த எஞ்சினுக்குத் தனி ரசீதும், வெளிநாட்டிலிருந்து வெட்டி வரும் பழைய வண்டிப் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் வாங்கியதென்றால் அதன் சுங்க கே1 பாரப் பிரதியும் வேண்டும். அவை இல்லாத எஞ்சினை இறக்கிவிட்டுப் பழைய பெட்ரோல் எஞ்சினையே ஏற்றுவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.

உற்பத்தி ஆண்டை நிரூபிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், லேண்ட் ரோவர் தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், எப்போது கட்டப்பட்டது, யாருக்கு அனுப்பப்பட்டது என்று எழுதித் தருவார்கள். இது உரிமைக்கான ஆதாரம் ஆகாது. ஆண்டு, மாடல், எஞ்சின் வகை மூன்றுக்கும் கவுண்டரில் பேச இதைவிட நல்ல தாள் இல்லை.

இவ்வளவும் கையில் வந்த பிறகு ஜேபிஜே கிளைக்குப் போங்கள். வண்டியைக் கொண்டுபோக வேண்டாம், கோப்பைக் கொண்டுபோங்கள். அமைச்சின் விற்பனைத் தாள்கள், இடையில் கைமாறிய ரசீதுகள், சுங்கத் தாள், உங்கள் ஐசி, நான்கு பக்கமும் எண்களும் தெரியும் படங்கள். இராணுவத்திலிருந்து வந்த வண்டிக்கு முதல் பதிவு என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சும்மா "காடிக்கு நெம்பர்" என்றால் பெயர் மாற்றக் கவுண்டருக்கு அனுப்பிவிடுவார்கள். கிளையில் முடிவெடுக்க முடியாதது மாநில அலுவலகத்துக்கோ, புத்ராஜெயாவில் உள்ள வாகனப் பொறியியல் பிரிவுக்கோ போகும். என்ன கூடுதல் தாள் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் ஆள் மாறும், எழுதியது மாறாது.

அங்கே நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டிய ஒன்று, எந்த வகை வண்டியாகப் பதிவது என்பது. 109 சாஃப்ட் டாப் வண்டியை ஜீப் என்றும் பதியலாம், சரக்கு வண்டி என்றும் பதியலாம். தோட்டத்தில் உரம், களைக்கொல்லி ஏற்ற வசதியாக இருக்கும் என்று சரக்கு வண்டியாகப் பதிந்தால், ஏற்றுவதற்கு அப்பாட்டின் (நிலப் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) உரிமம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, ஓட்டுபவருக்கு ஜிடிஎல் (சரக்கு வண்டி ஓட்டும் லைசன்ஸ்) என்று வாழ்நாள் முழுக்கச் செலவு வரலாம். சொந்த உபயோகத்துக்கு என்றால் ஜீப்பாகவே பதியுங்கள். பின்னால் நீளவாக்கில் போட்ட பெஞ்சுகளுக்கு எத்தனை இருக்கை என்று எழுதப்படுகிறதோ அத்தனை பேர்தான் ஏறலாம். திருவிழாவுக்கு 12 பேரை ஏற்றிக்கொண்டு போகும் பழக்கத்தை மறந்துவிடுங்கள், எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஏறியவருக்கு இன்சூரன்ஸ் பேசாது.

ஆள்கள் கேட்கும் மற்ற வண்டிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. வோல்வோ சி303க்கு இதே பாதைதான். ஆறு சிலிண்டர், 2,978 சிசி, வெறும் எடை 3,500 கிலோவுக்குள் இருப்பதால் சாதாரண கார் ஓட்டும் டி லைசன்ஸ் போதும். பெட்ஃபர்ட் மூன்று டன் லாரி வேறு உலகம். அதை ஆசைக்காக வாங்குபவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். கவச வண்டிகள் இந்தப் பதிலுக்குள் வரவே இல்லை.

இனி இரும்பு. பரிசோதனையில் விழுவது பெரும்பாலும் பிரேக், விளக்கு, திசைதிருப்பி ஆட்டம், எண்ணெய்க் கசிவு இந்த நான்கில்தான்.

பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 109இல் நான்கு பக்கமும் 11 அங்குல டிரம். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவில் ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் ஒரு சக்கரத்துக்கு இரண்டு சிலிண்டர், அதில் ஒன்று மட்டும் ஒட்டினால் பெடல் நன்றாகவே இருக்கும், ஆனால் பிரேக்கைச் சோதிக்கும் ரோலரில் ஏற்றினால் இடது வலது வித்தியாசம் காட்டிக் கொடுத்துவிடும். அச்சு முனையின் ஆயில் சீல் போயிருந்தால் கியர் எண்ணெய் டிரம்முக்குள் கசிந்து லைனிங்கை நனைக்கும். லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடுவது வீண், சூடானதும் எண்ணெய் மறுபடி வெளியே வரும். சீலை மாற்றி லைனிங்கையும் மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. ரப்பர் ஹோஸ் மூன்றையும் கேட்காமல் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே உப்பி அடைத்திருக்கும். பிரேக்கை மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது.

ஹேண்ட்பிரேக்கைப் பற்றிப் பரிசோதகரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இது பின்சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் டிரம் அது. ரோலர் சுற்றிக்கொண்டிருக்கும்போது இதைச் சட்டென்று இழுத்தால் ஹாஃப் ஷாஃப்ட் முறியலாம். சீரிஸ் வண்டியை டூ-வீல் டிரைவில் வைத்துக்கொண்டு போங்கள். டிஃபெண்டர் எப்போதும் நான்கு சக்கரமும் ஓடும் வண்டி. வேகமாகச் சுற்றும் ரோலரில் ஒரு அச்சை மட்டும் ஏற்றினால் வண்டி ரோலரை விட்டுப் பாயும். இதை முதலிலேயே சொன்னால் மெதுவாகச் சோதிப்பார்கள், அல்லது தரையில் ஓட்டிப் பார்ப்பார்கள்.

மின்சாரம்தான் இராணுவ வண்டியில் ஆளை மிரட்டுவது. ரேடியோ வைக்கும் வகை, அதாவது எஃப்.எஃப்.ஆர் வகை, 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இணைந்திருக்கும். உங்கள் வண்டியில் ரேடியோ தாங்கி இருப்பதால் அநேகமாக அந்த வகைதான். பட்டறைக்காரர் பார்த்ததும் "எல்லாத்தையும் 12 வோல்ட்டுக்கு மாத்திடலாம்" என்பார். யோசித்துச் செய்யுங்கள். மாற்றினால் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர், வைப்பர் மோட்டார், ஃப்ளாஷர், எல்லா பல்பும் மாற வேண்டும். ஒன்றை விட்டால் அது எரியும் அல்லது மங்கும். வயரிங் முழுசாக இருந்தால் 24 வோல்ட்டிலேயே விடுவதுதான் என் கருத்து. லாரியெல்லாம் 24 வோல்ட் என்பதால் பல்ப், ஃப்ளாஷர், ரிலே எல்லாம் குளுவாங்கில் எந்த லாரி ஸ்பேர்பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். ஹெட்லைட் சாதாரண 7 அங்குல வட்டம், 24 வோல்ட் எச்4 பல்ப் போட்டால் சரி. இடப்பக்கம் ஓடும் நாட்டுக்கான கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள், மற்றது எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கும், பரிசோதனையிலும் விழும். கிடைக்கச் சிரமமானது இக்னிஷன் பாகங்கள் மட்டும். ரேடியோவில் இரைச்சல் வராதபடி எல்லாம் உலோகக் கூட்டுக்குள் மூடியிருக்கும். அங்கே 12 வோல்ட் காயிலை அப்படியே மாட்டிவிடாதீர்கள், சூடேறி வெடிக்கும்.

விளக்கு சுவிட்சில் இருட்டில் அணிவகுத்துப் போவதற்கான நிலைகள் உண்டு. அதில் நின்றால் பிரேக் விளக்குகூட எரியாது, வயரிங் போய்விட்டது என்று நினைத்து முழு வண்டியையும் பிரிப்பார்கள். முதலில் சுவிட்சைத் திருப்பிப் பாருங்கள். பதிவுக்குப் போகும் வண்டியில் அந்த நிலைகளை வேலை செய்யாமல் ஆக்கிவிடுவது நல்லது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், மஞ்சள் சிக்னல், நெம்பர் பிளேட் விளக்கு, இரண்டு பக்கக் கண்ணாடி, முன் இருக்கைகளுக்கு சீட் பெல்ட் எல்லாம் இருக்க வேண்டும். முன் இருக்கை பெல்ட் 1979 முதலே இங்கே கட்டாயம். பெல்ட்டை அலுமினிய உடம்பில் போல்ட் போட்டால் இழுப்பில் பிய்த்துக்கொண்டு வரும். உள்பக்கம் இரும்புத் தகடு வைத்துப் பிடியுங்கள்.

டயரில் பழைய பார்-கிரிப் இராணுவ டயர் பார்க்க அழகு. பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் தேயாத பூ (டயரின் பள்ளக்கோடு) எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். 7.50-16 அளவு லாரிக் கடைகளில் கிடைக்கும், ஒரே அச்சில் ஒரே வகை.

துப்பாக்கித் தாங்கி, கோடாரி மண்வெட்டி மாட்டும் கொக்கிகள், ஆன்டெனா கால் எல்லாம் கழற்றுங்கள். ரேடியோ கருவியே இருந்தால் அதற்குத் தனி உரிமம் வேண்டும், எடுத்துவிடுங்கள். படைச் சின்னம், இசட் நெம்பர் எதுவும் தெரியக்கூடாது, ஆனால் அமைச்சின் கடிதம் வந்த பிறகுதான் அழிக்க வேண்டும். புள்ளி புள்ளியான காமஃபிளாஜ் சாயத்தோடு போனால் தேவையில்லாத கேள்வி வரும். ஒரே நிறமாக அடித்து, அந்த நிறத்தையே விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

பரிசோதனைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது. நெம்பர் இல்லை, ரோட் டேக்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஜேபிஜே கொடுத்த கடிதத்தையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எந்த வகைப் பரிசோதனை என்றே தெரியாமல் திருப்பி அனுப்புவார்கள். வண்டிப் பரிசோதனை நிலையங்களை நடத்தும் புஸ்பாகோமின் தனியுரிமை 2024 ஆகஸ்டோடு முடிந்தாலும், இப்படிப்பட்ட அபூர்வ வண்டிக்குப் பழக்கப்பட்ட புஸ்பாகோம் நிலையமே சௌகரியம். முந்தின நாள் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். இந்த வண்டியில் எண்ணெய் வியர்ப்பது இயல்பு, சொட்டினால்தான் தோல்வி.

தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டினால் பதிவு வேண்டாமே என்று ஒரு பேச்சு இருக்கிறது. கம்பெனி தன் செலவில் வைத்துப் பராமரிக்கும் தனியார் பாதை சட்டத்தின் "சாலை" என்ற விளக்கத்துக்குள் வராது என்பது சரி. ஆனால் 7ஆம் பிரிவு, பதியாத மோட்டார் வண்டியை ஓட்டுவதோடு வைத்திருப்பதையும் தடுக்கிறது. தவிர நம் தோட்டங்களில் ஒரு டிவிஷனிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுவில் பொதுச்சாலையைக் கடக்காத இடம் எத்தனை? கடக்கும் அந்த இருபது அடியும் சாலைதான், அங்கே 90ஆம் பிரிவின்படி மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும்.

இன்சூரன்ஸுக்கு முழுக் காப்பீடு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு கேளுங்கள். எந்தக் கம்பெனியும் எடுக்காவிட்டால் கடைசி இடமாக எம்.எம்.ஐ.பி என்ற மோட்டார் இன்சூரன்ஸ் கூட்டு நிதி இருக்கிறது, ஏஜெண்டிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். ரோட் டேக்ஸைக் கணக்கிடுவது எளிது. தீபகற்பத்தில் தனிநபர் பெயரில் உள்ள ஜீப் வகைக்கு 2,001 முதல் 2,500 சிசி வரை அடிப்படை 440 வெள்ளி, 2,000க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 80 சென். 2,286 சிசிக்கு 440ஓடு 228.80 சேர்ந்து 668.80 வெள்ளி வருஷத்துக்கு. வோல்வோ சி303க்கு அடுத்த படி, 840 வெள்ளியும் 2,500க்கு மேல் சிசிக்கு 1.60 வெள்ளியும், ஆக 1,604.80. தவறுதலாக செடான் வகையில் ஏறிவிட்டால் லேண்ட் ரோவருக்கே 666 வெள்ளி, ஏறக்குறைய சமம்தான். வோல்வோவுக்கு 2,075 ஆகிவிடும்.

ஆகவே நெம்பர் கிடைத்ததும் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்னால் பதிவு விவரங்களை வரிவரியாகப் பாருங்கள். சேசிஸ் எண்ணை நீங்கள் எடுத்த பென்சில் பிரதியோடு இலக்கம் இலக்கமாக ஒத்துப் பாருங்கள். பூஜ்யமும் ஓவும், ஒன்றும் ஐயும் இங்கேதான் மாறிப்போகும். எஞ்சின் எண், சிசி, எரிபொருள், இருக்கை எண்ணிக்கை, வண்டி வகை, நிறம், உற்பத்தி ஆண்டு எல்லாம் சரியா என்று பார்த்து, தவறு இருந்தால் அன்றைக்கே, அதே கவுண்டரில் திருத்தச் சொல்லுங்கள்.